36 மாதமும் 60 நாளும்

ஜொகூர் பாருவிலிருந்து மெர்சிங் வந்து சேர்வதற்குள் இடுப்பு ஒடிந்துவிட்டது என்று காலையில் சிலர் அலுத்துக்கொண்டீர்கள். இங்கே ஒரு பிள்ளைக்கு நோய் முற்றினால், பெற்றவர்கள் அதே சாலையில்தான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் தோட்டத்துத் தாய் ஒருவர் பிள்ளையின் கிளினிக் புத்தகத்தை என் மேசையில் வைத்தார். காமாலை என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. மூன்று முறையும் "காலை வெயிலில் காட்டும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். பேம்பர்ஸில் மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்ததையும் அவர் சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் அது ஏறவில்லை. பிள்ளைக்குப் பித்தநாளம் அடைபட்டிருந்தது. பித்தம் வடிய வழிசெய்யும் கசாய் அறுவைச் சிகிச்சையைப் பிறந்த 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம். இந்தப் பிள்ளை நூறு நாளைத் தாண்டிவிட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் காமாலை நீடித்தால் ரத்தத்தில் பிலிருபினைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவ மாணவருக்கும் தெரிந்த பாடம்.

நோயைத் தவறவிட்ட வழக்கில் மருத்துவத் துறையின் கருத்துக்கே இன்னும் எடை அதிகம். நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும், சக மருத்துவர்களின் கருத்தை வைத்து அளக்கும் போலம் அளவுகோல்தான் என்று கூட்டரசு நீதிமன்றம் 2017இல் சொன்னது. அந்தக் கருத்து தர்க்கத்துக்கு ஈடுகொடுத்து நிற்க வேண்டும், அவ்வளவே. மருத்துவர் ஆபத்தை எடுத்துச் சொன்னாரா என்ற கேள்வியில் மட்டும், 2006இன் ஃபூ ஃபியோ நா தீர்ப்புப்படி, நீதிமன்றமே அளக்கிறது. பிழை நிரூபணமானாலும் அடுத்த கேள்வி காத்திருக்கும்: அன்றே கண்டுபிடித்திருந்தால் ஈரல் பிழைத்திருக்குமா? அங்கே அந்த 60 நாள் கணக்கு சாட்சிக்கூண்டில் ஏறும்.

வழக்குப் போடக் காலக்கெடுவும் உண்டு. தனியார் மருத்துவமனை என்றால் 1953 காலவரையறைச் சட்டப்படி ஆறு ஆண்டு. பிள்ளைக்கு அது 18 வயதிலிருந்து ஓடும். அரசு மருத்துவமனை என்றால் 1948 பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் 36 மாதத்தோடு கதவைச் சாத்துகிறது. 'சின்னப் பிள்ளைதானே, காலம் இருக்கிறது' என்று நம்பி உட்கார முடியாது. மெர்சிங் போன்ற ஊரில் ஏழைக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரசு மருத்துவமனைதான். மருத்துவ மன்றத்தில் புகார் கொடுக்கலாம். மருத்துவரை விசாரிப்பார்கள், பிள்ளைக்கு ஒரு வெள்ளியும் வராது.

வென்றாலும் ஒரு வெட்டு உண்டு. சிவில் சட்டத்தின் 28A பிரிவு, பாதிப்புக்கு முன்பே உழைத்துச் சம்பாதித்தவருக்குத்தான் எதிர்கால வருமான இழப்பைத் தரும். கைக்குழந்தை எங்கே சம்பளம் வாங்கும்? பராமரிப்புச் செலவு கேட்கலாம். வருமானக் கணக்கில் பூஜ்யம். இதை நாடாளுமன்றம் 1984இல் தெரிந்தேதான் செய்தது. எனக்கு இது இன்றும் செரிக்கவில்லை.

அந்தத் தாய் என்னிடம் வந்தபோது பிள்ளைக்கு நான்கு வயது நிறைந்திருந்தது. கிளினிக் அரசாங்கத்துடையது. "முன்னாடியே யாரும் சொல்லலையே சார்" என்றார். கிளினிக் புத்தகத்தின் நகலை எப்போது, யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதிலிருந்து முதல் அமர்வைத் தொடங்குங்கள்.