பெரட்டுக் களம் முதல் உள்ளிணையம் வரை: தோட்டத்து அறிவிப்பும் தமிழும்



ஓர் அறிவிப்பு வெளியிடப்படுவதற்கும் அது உரியவரைச் சென்று சேர்வதற்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியே இன்று பேச எண்ணினோம். பேச்சுக்குக் களம் நம் கோலசிலாங்கூர் வட்டாரம். பெஸ்தாரி ஜெயா என இன்று வழங்கும் பத்தாங் பெர்ஜுந்தையை அடுத்த தென்னமரம் தோட்டத்தில்தான் 1917ஆம் ஆண்டு இந்நாட்டில் முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டது. அதனை நட்டவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் மலாயாவைக் களமாகக் கொண்டு புதினம் எழுதி, 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றவரும் அவரே. தோட்டத்தின் பெயரோ தமிழ்ப்பெயர்.

அத்தகைய தோட்டங்களில் அறிவிப்பு என்பது பெரட்டில் பிறந்தது. விடியுமுன் மணி ஒலிக்கும். வேலையாட்கள் கூடுவர். கிராணி பெயர் வாசிப்பார். எந்த நிரைக்கு எவர் செல்வது, நாளை சம்பளமா, மருந்தடிப்பா, மழைக்கு வேலை நிறுத்தமா என்பதைத் தண்டல் உரத்த குரலில் சொல்லுவார். சொன்னது விளங்காதவர் அங்கேயே கேட்டார். வராதவருக்கு அடுத்த வீட்டார் சொன்னார். பெரட்டு அடக்குமுறையின் களமாகவும் இருந்தது. அதனை இனிமையாக்கிப் பேச நாம் விரும்பவில்லை. ஆயினும், அறிவித்தவர் கேட்டவரின் முகத்தைப் பார்த்தார் என்பது உண்மை.

இதற்கு நம் இலக்கியத்தில் பழைய சான்று உண்டு. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை ‘விழாவறை காதை’யோடு தொடங்குகிறது. முரசை யானையின் பிடரியில் ஏற்றி, இந்திர விழாவைப் புகார் நகரத்தார்க்கு ஒருவன் அறிவிக்கிறான். விழா எத்தனை நாள் நிகழும் என்று சொல்கிறான்: 28 நாள். என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறான்: தெருவின் பழைய மணலை அகற்றிப் புதுமணல் பரப்புக, பகைவரோடு பூசலிடாது விலகிச் செல்க. யாருக்கு, எப்போது, எவ்வளவு காலம், என்ன செய்வது என நல்ல அறிவிப்புக்கு வேண்டிய அனைத்தும் அதில் உள்ளன. (பறையறைந்து அறிவிக்கும் தண்டோரா முறையைத் தமிழ்நாட்டு அரசு 2022இல் கைவிடச் செய்தது. ஒரு சாராரை இழிவுபடுத்திய பணிமுறை ஒழிந்ததில் நமக்கு வருத்தமில்லை.)

இன்று பெருந்தோட்ட நிறுவனங்களின் அறிவிப்புகள் உள்ளிணையத்தில் ஏறுகின்றன. அங்கிருந்து புலனக் குழுக்களுக்கும் குறுஞ்செய்திக்கும் செல்கின்றன. எழுதுபவர் தலைப்பு இடுகிறார், பெறுவோர் குழுவைத் தெரிவு செய்கிறார், தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறிக்கிறார், முதன்மை நிலையைச் சுட்டுகிறார், பொத்தானை அழுத்துகிறார். திரையில் ‘வெளியிடப்பட்டது’ என்று தோன்றுகிறது. அவருடைய வேலை அத்துடன் முடிந்தது.

நம் குடும்பத்தில் நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். தந்தையார் ஒரு தோட்டத்தில் பணி ஓய்வு பெற்றபின் நிர்வாகத்தின் இசைவோடு அதே லயத்து வீட்டில் வாழ்ந்தார். குடியிருப்போர் அனைவரும் 14 நாளுக்குள் பெயர் பதிய வேண்டும் என ஓர் அறிவிப்பு உள்ளிணையத்தில் வந்தது. பெறுவோர் குழுவாகப் ‘பணியாளர்’ தெரிவு செய்யப்பட்டிருந்தது. ஓய்வு பெற்றவர் அக்குழுவில் இல்லை. அச்செடுத்த படி அலுவலகப் பலகையில் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒட்டப்பட்டது. பெரட்டுக்குச் செல்லாதவர் அப்பலகையைக் காண்பதில்லை. பதினாறாம் நாள் அண்டை வீட்டு அக்காள், “ஏன்ணே, நீங்க பேரு குடுக்கலையா?” என்று கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அதன்பின் அந்தப் பதிவுக்காக அவர் எட்டு மாதம் அலைந்தார். எவரும் அவரை ஏமாற்றவில்லை. கேட்டபோதெல்லாம், “அறிவிப்பு வெளியாகிவிட்டதே” என்றே விடை வந்தது.

ஆகவே பெறுவோர் பட்டியலே அறிவிப்பின் உயிர் என்கிறோம். பட்டியலில் கணினிக் கணக்கு இல்லாதவர்களை யார் சென்று பார்ப்பது என்பதை, அறிவிப்பை ஏற்றும்போதே ஒருவர் பெயரிட்டு எழுதி வைக்க வேண்டும். முடியும் நாளும் அவ்வாறே. சென்ற மாத நீர்த்தடை அறிவிப்பு இன்றும் பலகையில் இருந்தால், இன்றைய நீர்த்தடையை எவரும் நம்பார். நாள் மாறினால் பழையதையே ஓசையின்றித் திருத்தாது, அதனை விலக்கித் ‘திருத்தம்’ என்ற தலைப்போடு புதிதாக வெளியிடுவது நன்று. முன்பே படித்தவர் மீண்டும் திறந்து பார்ப்பதில்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். விளையாட்டு விழாவுக்கும் ‘எச்சரிக்கை’, மருந்தடிப்புக்கும் ‘எச்சரிக்கை’ என்று எழுதினால், அச்சொல் தன் கூர்மையை இழக்கும். ஊறு நேரக்கூடியவற்றுக்கு மட்டும் எச்சரிக்கை, ஏனையவை அறிவிப்பு, முன்பு சொன்னதை மீளச் சொல்வது நினைவூட்டல். 1994ஆம் ஆண்டுத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பணியாளருக்குத் தகவலும் பயிற்சியும் தரும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. புரியாத மொழியில் தந்த தகவல் தகவலாகுமா? இன்று தோட்டங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் பணிபுரிகின்றனர். தமிழுக்காக நாம் கேட்பதை அவர்களுக்காகவும் கேட்கிறோம்.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு நடைமுறைச் செய்தி. ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துருக்கள் அடங்கும். ஒருங்குறித் தமிழில் 70 மட்டுமே. அதிலும் ‘பெரட்டு’ என்னும் சொல்லில் நம் கணக்குக்கு நான்கு எழுத்து. கணினிக்கு ஏழு குறியீடு. எனவே சுருங்கச் சொல்லும் பயிற்சி வேண்டும். அலுவலகத்திலிருந்து வரும் ஒரு வரி இது: “12ஆம் எண் நிலப்பகுதியில் களைக்கொல்லி தெளிக்கும் பணி மேற்கொள்ளப்படவிருப்பதால் அனைவரும் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.” என்ன ஒத்துழைப்பு என்று இதில் இல்லை. நம் வகுப்பு மாணவர் ஒருவர் இதனை இவ்வாறு மாற்றினார்: “நாளை காலை 12ஆம் நிலத்தில் மருந்தடிப்பு. பிள்ளைகளை அனுப்பாதீர்.” 70 குறியீட்டுக்குள் அடங்குகிறது, எண்ணிப் பாருங்கள்.

ஆசிரியர்கள் தத்தம் பள்ளிப் பலகையிலிருந்து ஓர் அறிவிப்பை எடுத்து, இவ்வாறு சுருக்க மாணவரைப் பணிக்கலாம். ஐயங்கள் இருப்பின் இப்போது கேட்கலாம்.