சுண்டெலி உணர்த்தும் மரபுப் பாடம்



நமது மூச்சுக்குழலின் உட்சுவரில் சிலியா எனப்படும் நுண்ணிய குறுஇழைகள் நிறைந்துள்ளன. காற்றில் அசையும் நெற்பயிர்போல் அவை ஓயாது அசைந்து, தூசியையும் கிருமிகளையும் சளியோடு மேலே தள்ளுகின்றன. அவற்றை அசைப்பது டைனீன் என்னும் புரதம். இவ்வசைவு பிறவியிலேயே குன்றியிருப்பின் சளி தேங்கும், இருமல் ஓயாது, நுரையீரல் பழுதாகும்.

1933ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து மருத்துவர் கார்ட்டகனர், இத்தகைய நோயாளிகள் சிலருக்கு இதயம் வலப்புறம் அமைந்திருப்பதை விவரித்தார். 1976இல் ஸ்வீடன் நாட்டு அஃப்சீலியஸ், இவ்விரண்டிற்கும் வேர் குறுஇழையின் பழுதே என்றார். மூச்சுக்குழல் இழைக்கும் இதயத்தின் பக்கத்திற்கும் என்ன உறவு?

விடை தந்தது சுண்டெலி. 1959இல் அமெரிக்காவில் ஒருவகைச் சுண்டெலிகள் விவரிக்கப்பட்டன. பழுதுற்ற மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குட்டிகளுள் ஏறத்தாழப் பாதிக்கு உள்ளுறுப்புகள் இடவலம் மாறியிருந்தன. மறுபாதிக்கு முறையாகவே இருந்தன. அம்மரபணு ஒருவகை டைனீனுக்கு உரியது என 1997இல் தெரிந்தது. 1998இல் ஜப்பானிய அறிஞர்கள் நோனகா, ஹிரோக்கவா முதலியோர், எலிக்கருவின் சிறு குழியொன்றில் குறுஇழைகள் சுழன்று நீர்மத்தை இடப்புறமாக ஓடச் செய்வதைக் கண்டனர். அவ்வோட்டமே கருவுக்கு இடவலம் உணர்த்துகிறது. ஓட்டம் இல்லையேல் பக்கம் தற்செயலாய் அமையும். ஆகவேதான் பாதிக்குப் பாதி. 2002இல் செயற்கை ஓட்டத்தை வலப்புறமாகச் செலுத்தியபோது, நலமான எலிக்கருவிலும் பக்கம் மாறிற்று!

மனிதரில் இந்நோய்க்குரிய மரபணுக்கள் ஐம்பதுக்கும் மேல் அறியப்பட்டுள்ளன. பெரும்பாலும் பெற்றோர் இருவரும் நோயின்றியே பழுதுற்ற மரபணுவைத் தாங்கியிருப்பர். அவர்தம் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. எனவே, குழந்தையின் நோய்க்கு மருமகளை மட்டும் பழிப்பது அறிவன்று. முற்பிறவிப் பாவம் என்பதும் பொய்.

பிறப்பைக் காட்டி மனிதரை இழிவு செய்வதன் கொடுமையை நாம் அறிவோம். அக்கொடுமையை நம் வீட்டுக் குழந்தைக்கு நாமே செய்யலாகாது. பிறந்தது முதல் ஓயாது மூக்கொழுகி இருமும் குழந்தையைப் பழிக்காது, மருத்துவரிடம் காட்டுங்கள். காரணம் இதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். இதுவேயாயின் முற்றும் தீர்க்கும் மருந்து இல்லை. எனினும் நாள்தோறும் சளியை அகற்றும் பயிற்சியாலும், தொற்றுக்கு உடனுக்குடன் செய்யும் சிகிச்சையாலும் நுரையீரலைக் காக்க முயலலாம். கல்வி நம் இல்லங்களில் செய்யவேண்டிய பணி இதுவும் ஆகும்.