கலம் நிறைந்தால் போதுமா?

இலங்கையின் மேற்குக் கரையிலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளக் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலமே கற்பிட்டிக் குடாநாடு. அந்த மணலிலே கிணற்று நீர் பாய்ச்சி, வெங்காயமும் மிளகாயும், கத்தரியும் பூசணியும், பயிற்றையும் பாகலும் விளைவிக்கின்றனர் மக்கள். கடலிலும் களப்பிலும் மீனும் இறாலும் நண்டும் அகப்படுகின்றன. தெற்கே சிலாபம் வரையும் அதற்கு அப்பாலும் தென்னந்தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. பாலாவியிலே உப்பு விளைகின்றது. இவ்விளைபொருள்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் தம்புள்ளைக்கும் லொறிகள் செல்கின்றன.

இத்துணை வளம் பொருந்திய கரையிலே வாழும் குடும்பங்களின் உண்கலத்தில் என்ன இருக்கின்றது? காலையிலே பாணும் பருப்பும். நண்பகலிலே குவியலாகச் சோறு, ஒரு மீன் குழம்பு, சிறிது தேங்காய்ச் சம்பல். இரவிலே மீண்டும் சோறு, அன்றேல் ரொட்டி. எல்லா வீடுகளிலும் இவ்வாறே என்று கூறுதல் பொருந்தாது. ஆயினும் பல வீடுகளின் நிலை இதுவே. விளைவிப்பதோ பல, உண்பதோ சில. வயிறு நிறைகின்றது. உடம்புக்கு வேண்டியன யாவும் அதிலே கிடைக்கின்றனவா என்பதே கேள்வி.

பசி தீர்தல் வேறு, உடல் ஊட்டம் பெறுதல் வேறு என்ற உண்மையை அறிவியல் உலகம் தெளிவாக அறிந்துகொண்டது அண்மைக் காலத்திலேதான். 1890களிலே யாவாத் தீவின் பத்தாவியா நகரில் பணியாற்றிய ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர், பெரிபெரி நோயின் காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய ஆய்வுகூடத்துக் கோழிகள் திடீரெனக் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில மாதங்களின் பின் அவை தாமாகவே நலம் பெற்றன. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றை உண்ட காலத்திலே கோழிகள் நோயுற்றன. புதிய சமையற்காரர் அச்சோற்றைக் கொடுக்க மறுத்ததனால் தவிடு நீங்காத அரிசியை உண்ட காலத்திலே நோய் நீங்கின. வயிறு நிறைய உண்டும் நோயுற்ற அக்கோழிகளே, விற்றமின் என்னும் நுண்சத்துக்களை மனிதன் அறிவதற்கு வழிகாட்டின. ஐக்மானுக்கு 1929ஆம் ஆண்டில் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இத்தகைய ஆராய்ச்சி இலங்கையிலும் நடைபெற்றது. கொழும்பிலே பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர், தேரையின் தோலைப்போலச் சொரசொரப்பாக மாறும் ஒரு தோல் நோயைப்பற்றி 1933ஆம் ஆண்டில் எழுதினார். பெரும்பாலும் தானியத்தையே உண்டு, கீரையும் பழமும் பாலும் காணாதிருந்த மக்களிடையே தோன்றும் நோய் அது. விற்றமின் ஏ குறைவே அதன் காரணம் என அவர் கருதினார். வேறு சத்துக்களின் குறைவும் அதிலே பங்குகொள்வதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

இன்று பெரிபெரியும் தேரைத் தோலும் அரிதாகிவிட்டன. ஆனால் அவற்றின் உடன்பிறப்புக்கள் வீட்டிலேயே இருக்கின்றன. இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளை நோயாளிபோலத் தோன்றுவதில்லை. அது வகுப்பிலே விரைவில் களைத்துப் போகும். பாடத்திலே மனம் ஊன்றாது. சோம்பேறி என்ற பெயரையும் வாங்கிக்கொள்ளும். மறுபுறம், சோற்றுக் குவியலும் சீனித் தேநீரும் முதியோரை வேறு வழியில் வருத்துகின்றன. 2005, 2006ஆம் ஆண்டுகளில் நாடளாவிய வகையில் நடத்தப்பட்ட ஆய்வொன்று, வளர்ந்தோரிற் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதைக் கண்டது. நீரிழிவினரோடு, அந்நோய்க்கு முந்திய நிலையில் இருப்போரையும் சேர்த்தால் ஐவரில் ஒருவர் என்ற கணக்கு வந்தது.

உண்கலத்தை அளந்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் பெண்களின் உணவை மதிப்பிடுவதற்காக உணவுப் பொருள்களைப் பத்து வகுப்புக்களாகப் பிரித்துள்ளது. தானியமும் கிழங்கும் ஒன்று, பருப்பும் பயறும் ஒன்று, கச்சான், எள் போன்ற வித்துக்கள் ஒன்று, பாலும் தயிரும் ஒன்று, மீனும் இறைச்சியும் ஒன்று, முட்டை ஒன்று, கரும்பச்சைக் கீரைகள் ஒன்று, பூசணி, பப்பாசிப் பழம், மாம்பழம் போல விற்றமின் ஏ மிகுந்தவை ஒன்று, ஏனைய காய்கள் ஒன்று, ஏனைய பழங்கள் ஒன்று. ஒரு பகலும் இரவும் சேர்ந்த பொழுதில் இவற்றுள் ஐந்து வகுப்புக்களேனும் கலத்தில் இடம்பெறல் வேண்டும்.

மேலே கூறிய கரையோர உணவை இக்கணக்கில் இட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும்? பாணும் சோறும் ரொட்டியும் பெயரில் மூன்றாயினும் வகுப்பில் ஒன்றே. பருப்பு இரண்டு. மீன் மூன்று. அவ்வளவுதான். சம்பலிலும் குழம்பிலும் சேரும் வெங்காயமும் மிளகாயும், தேநீரிற் கலக்கும் சிறிதளவு பாலும் சுவை தருவனவேயன்றிக் கணக்கைக் கூட்டுவன அல்ல. மூன்று வேளை உண்டும் மூன்று வகுப்பே!

இந்த மூன்றை ஐந்தாக்கப் பெருஞ்செலவு வேண்டுமா? வேலியோரத்து முருங்கையிலே ஒரு பிடி இலை ஒடித்துத் தேங்காய்ப்பூ இட்டு வறை செய்தால் நான்காயிற்று. வளவிலே பழுத்த பப்பாசியில் ஒரு துண்டு சேர்ந்தால் ஐந்தாயிற்று. தோட்டத்திலே லொறிக்கு ஏற்றாது ஒதுக்கிய கோணற் கத்தரிக்காய் கறியானால் ஆறாயிற்று. கோழி இட்ட முட்டையைக் கடைக்குக் கொடுக்காமல் பிள்ளைக்குக் கொடுத்தால் ஏழாயிற்று. முற்றத்து மல்லிகைக்கு மணமில்லை என்பது பழமொழி. முற்றத்து முருங்கைக்கும் அதே கதிதான்.

ஏழைக்கு இவ்வறிவுரை எவ்வாறு பொருந்தும் என்று கேட்போர் உளர். அது நியாயமான கேள்வி. பெரிய மீனை விற்றே கடன் அடைக்க வேண்டிய மீனவனைக் குறை கூறுதல் தகாது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, உணவு விலை ஓராண்டுக்குள் ஏறத்தாழ 95 வீதம் உயர்ந்தது. அத்தகைய காலத்தில் கலத்தைவிட்டு முதலில் நீங்குவன பாலும் முட்டையும் மீனும் பழமுமே. சோறு கடைசி வரை நிற்கும். ஆதலால் கலம் நிறைந்திருப்பதைக் கண்டு குறையில்லை என எண்ணுதல் பிழை.

இதே கரை இன்னொரு பாடத்தையும் கண்டிருக்கின்றது. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பல்லாயிரவர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் வந்து தங்கினர். உலர் உணவு நிவாரணம் அவர்களைப் பசியினின்றும் காத்தது. ஆனால் உலர் உணவுப் பொதியிலே பச்சைக் கீரையும் பழமும் இருத்தல் இயலாது. உயிரைக் காப்பது அரிசியும் மாவும். உடம்பை வளர்ப்பது அவற்றோடு சேரும் பிற பொருள்கள்.

அவ்வாறு சேர்க்கும் கலையை முன்னோர் அறியாதவர் அல்லர். வடபுலத்து ஒடியற் கூழை எண்ணிப் பாருங்கள். பனங்கிழங்கின் மாவோடு மீனும் நண்டும் இறாலும், மரவள்ளியும் பயிற்றங்காயும், பலாக்கொட்டையும் முருங்கையிலையும் ஒரே பானையிற் கொதிக்கும். விலையுயர்ந்த ஒன்றை நிறைய இடுவதன்று அதன் இரகசியம். கிடைப்பவற்றையெல்லாம் சிறிது சிறிதாக இடுவதே.

பொருள்களைச் சேர்க்கும் முறையிலும் நுட்பம் உண்டு. கீரையிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எளிதில் ஏற்பதில்லை. வறையை இறக்கியபின் தேசிக்காய்ப் புளி பிழிந்தால் நன்றாக ஏற்கும். உண்டவுடனே தேநீர் அருந்தினால் அச்சத்து வீணாகும். ஒரு மணி நேரம் பொறுத்தல் நன்று. பூசணியின் சத்து கொழுப்போடு சேர்ந்தே உடம்பிற் சேரும். அதனைத் தேங்காய்ப் பாலிற் சமைத்த பாட்டிமார் அறிந்தோ அறியாமலோ சரியானதையே செய்தனர். நெத்தலியை முள்ளோடு உண்டால் கல்சியம் கிடைக்கும். விலை மிகுந்த அறக்குளாத் துண்டு அதனைத் தாராது.

உப்பு விளையும் ஊருக்கு ஓர் எச்சரிக்கையும் உண்டு. கடலுப்பாதலால் அயடின் தானே இருக்கும் என்று பலர் எண்ணுகின்றனர். பாத்தியில் விளையும் உப்பிலே அது மிகச் சிறிதே. அதனாலன்றோ உண்ணும் உப்பில் அயடின் சேர்த்தல் 1995ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் கட்டாயமாக்கப்பட்டது! உப்பளத்திலிருந்து நேரே அள்ளிய உப்பைப் பானையில் இடுவோர் இதனை மறத்தலாகாது.

இறுதியாக ஒன்று. வீட்டிலே யாவரும் உண்டபின் உண்பவள் தாய். கீரை கணவனுக்கும் மீன் பிள்ளைகளுக்கும் போனபின், அடிச்சட்டிக் குழம்பும் சோறுமே அவள் பங்காகின்றன. மாதந்தோறும் குருதி இழப்பவளும், கருவைச் சுமப்பவளும், பாலூட்டுபவளும் அவளே. இரும்புச்சத்து மிகுதியாக வேண்டுவதும் அவளுக்கே. அவள் கலத்தில் மூன்று வகுப்பே இருக்குமாயின், பிறக்கும் குழந்தை அக்குறையோடே வாழ்வைத் தொடங்குகின்றது. எனவே நாளை நண்பகலில் ஒவ்வொரு வீட்டிலும் வறையும் மீனும் எடுத்து வைக்கப்படும்போது, முதற் பங்கு தாயின் கலத்தில் விழட்டும். எத்தனை வகுப்பு என்று எண்ணும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விடலாம். எண்ணக் கற்ற பிள்ளைகள் கணக்கிலே தவறமாட்டார்கள்.