ஓதம் ஏறிய வீடும் பூஞ்சணமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் வாசிப்பதற்காகத் தயாரிக்கப்பட்ட பிரசங்கம்)



கடன், வட்டி, தவணை, விதை, உரம் ஆகியவற்றைப் பற்றியே சங்கக் கூட்டங்களில் பேசுவது வழக்கம். வீட்டுச் சுவரில் பூக்கும் பூஞ்சணத்தைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று சிலர் நினைக்கக்கூடும். ஓர் அங்கத்தினர் தவணை தவறியதற்குக் காரணம் விசாரித்தால், பல சமயங்களில் விசாரணை அவர் வீட்டிலுள்ள வியாதியிலே போய் நிற்கிறது. அவ்வியாதியின் காரணத்தை மேலும் விசாரித்தால், சில சமயங்களில் அது படுக்கையறைச் சுவரிலே போய் நிற்கிறது. ஆகையால் இது சங்கத்துக்குப் புறம்பான விஷயமன்று.

மதுரைச் சீமை வறண்ட சீமை. இங்கே ஈரத்துக்கு ஏது இடம் என்று கேட்பவர் உண்டு. வருஷத்தில் சுமார் 85 செண்டிமீட்டர் மழையே இங்கு பெய்கிறதென்பது மெய்தான். ஆனால் அதில் ஏறக்குறையப் பாதி, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவக் காற்றோடு ஒரே மூச்சாய்க் கொட்டிவிடுகிறது. வீடுகளோ வெயிலுக்குப் பயந்து கட்டப்பட்டவை. மாசி வீதிகளை அடுத்த சந்துகளிலுள்ள காம்பவுண்டு வீடுகளைப் பார்த்தால், மூன்று பக்கமும் அயல் வீட்டுச் சுவர், முன்பக்கம் ஒரு கதவு, ஜன்னல் என்ற பெயரில் ஒரு துவாரம் என்ற நிலையில் ஒரு குடும்பம் முழுவதும் வசிப்பதைக் காணலாம். குழித்தறி போட்டிருக்கும் நெசவாளர் வீடுகளில், தறிக்குழியே ஈரத்தின் இருப்பிடமாய் இருக்கிறது. கஞ்சி போட்ட பாவில் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிப்பதை நெசவாளருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நூலைக் காப்பாற்ற அவர் எடுத்துக்கொள்ளும் ஜாக்கிரதையில் பாதியளவு தம் குழந்தையின் மூச்சைக் காப்பாற்ற எடுத்துக்கொண்டால் போதுமானது.

பூஞ்சணம் என்பது அழுக்கன்று. காளான் இனத்தைச் சேர்ந்த உயிர். அதன் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாத துகள்களாய் எங்கும் காற்றில் மிதந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் வராமல் தடுக்க எவராலும் ஆகாது. அதற்கு வேண்டிய உணவும் எல்லா வீட்டிலும் உண்டு: மரம், துணி, காகிதம், சுவர்ச்சாயம், தூசி எதுவானாலும் அது தின்னும். மூன்றாவதாக அதற்கு வேண்டியது தண்ணீர். மனிதன் கையால் நிறுத்தக்கூடியது இந்த மூன்றாவது ஒன்றையே. தண்ணீரை நிறுத்தாமல் பூஞ்சணத்தை மாத்திரம் துடைப்பது, வாய்க்காலை அடைக்காமல் வயலிலுள்ள நீரை இறைப்பதற்கு ஒப்பாகும்.

சுவரில் வெண்மையாய்ப் பூத்திருப்பதெல்லாம் பூஞ்சணமன்று. நிலத்திலிருந்து ஓதம் ஏறும்போது உவர் உப்பும் கூட ஏறி, பூச்சின்மேல் வெள்ளையாய்ப் பொரிந்து உதிரும். அதன்மேல் சிறிது தண்ணீர் தெளித்தால் உப்பாயின் கரைந்து மறையும்; பூஞ்சணமாயின் கரையாது. கறுப்பு, பச்சை, சாம்பல் நிறப் புள்ளிகளாய்ப் படர்ந்து, மூடிய அறையைத் திறந்தவுடன் மக்கிய வாடை வீசுமாயின் அது பூஞ்சணமே. உவர் சுவரைத் தின்னும். பூஞ்சணம் மூச்சைக் கெடுக்கும். இரண்டுக்கும் தாய் ஓதமே.

இதனால் உடம்புக்கு வரும் கெடுதி யாது? உலக சுகாதார ஸ்தாபனம் 2009-ஆம் வருஷத்தில் வீட்டு ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றி ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வசிப்பவருக்கு இருமல், இழுப்பு முதலிய சுவாசத் தொந்தரவுகளும், சுவாச உறுப்புகளில் தொற்றும், ஏற்கெனவே உள்ள ஆஸ்துமா முற்றுதலும் மற்றவரைவிட அதிகமாய் நேர்வதற்குப் போதிய அத்தாட்சி இருப்பதாக அதில் கண்டிருக்கிறது. குழந்தைகள், வயோதிகர், ஆஸ்துமாக்காரர் ஆகியோரே முதலில் பாதிக்கப்படுவர். காலையில் எழுந்தவுடன் அடுக்குத் தும்மல், வீட்டைவிட்டு வெளியூர் சென்றால் நின்றுபோகும் இருமல், திரும்பி வந்தவுடன் மறுபடி தொடங்கும் இருமல், இவை கவனிக்கத்தக்க அடையாளங்கள்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களை நீக்கிவிடுவது நல்லது. 2021-ஆம் வருஷத்துக் கொரோனாக் காலத்தில் 'கறுப்புப் பூஞ்சை' என்ற பெயர் எங்கும் பீதியை உண்டாக்கிற்று. அது பெரும்பாலும் கட்டுக்கடங்காத நீரிழிவு உள்ளவரையும், ஸ்டீராய்டு மருந்து மிகுதியாய்க் கொடுக்கப்பட்டவரையும் பற்றிய வேறொரு வியாதி. சுவரிலுள்ள கறுப்புப் புள்ளியைக் கண்டு அவ்வாறு நடுங்க வேண்டுவதில்லை. மற்றோர் எண்ணம் இதைவிட ஆபத்தானது. எல்லா இருமலுக்கும் சுவரே காரணம் என்று சும்மா இருந்துவிடலாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சென்று சளியைச் சோதித்துக் க்ஷயரோகம் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். அச்சோதனைக்குக் கட்டணம் இல்லை.

சாயம் பூசி மறைத்தால் போதும் என்று சொல்லும் வீட்டுக்காரர் மதுரையில் மாத்திரம் இருப்பதாக நினைக்க வேண்டாம். இங்கிலாந்து தேசத்தில் ராச்டேல் என்ற ஊரில், குடியிருப்புச் சங்கம் ஒன்றுக்குச் சொந்தமான வாடகை வீட்டில் அவாப் இஷாக் என்ற குழந்தை வசித்தது. சுவரில் பூஞ்சணம் இருப்பதாகத் தகப்பனார் 2017-ஆம் வருஷத்திலேயே முறையிட்டார். மேலே சாயம் அடித்துக்கொள்ளும்படி சொல்லப்பட்டது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிரம்பிய சில தினங்களுக்குள் அக்குழந்தை இறந்துபோயிற்று. நெடுநாள் பூஞ்சணத்தின் நடுவே வசித்ததால் உண்டான சுவாச வியாதியே மரணத்துக்குக் காரணமென்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்மானித்தார். அதன் பயனாய் அக்குழந்தையின் பெயராலேயே வழங்கும் சட்டம் 2023-இல் நிறைவேறி, 2025 அக்டோபர் 27 முதல் அங்கே அமலுக்கு வந்தது. அதன்படி, சமூக வாடகை வீடுகளில் அபாயமான ஓதமோ பூஞ்சணமோ இருப்பதாகத் தெரிவித்தால், 10 வேலை நாட்களுக்குள் சோதனை நடக்க வேண்டும்; அபாயம் உண்மையானால் அடுத்த 5 வேலை நாட்களுக்குள் அதை நீக்க வேண்டும்.

குளிர்தேசத்தில் சுவர் நனைவது ஒரு விதம். இங்கே நனைவது வேறு விதம். தண்ணீர் எவ்வழியே வருகிறதென்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை மட்டும் சுவர் கறுத்திருந்தால், அஸ்திவாரத்திலிருந்து ஓதம் ஏறுகிறதென்று அறியலாம். பழைய செங்கல் வீடுகளுக்கு அடியில் ஓதத்தடுப்பு வைத்திருப்பதில்லை. இத்தகைய சுவருக்குச் சிலர் சிமெண்டுப் பூச்சுப் பூசிப் பணத்தை விரயம் செய்கிறார்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு உள்ளேயே அடைக்கும். அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும். சுவர் ஓரத்தில் துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது, சாக்கடை தேங்குவது, மண் மேடிட்டிருப்பது இவற்றை நீக்கினாலே பாதி ஓதம் குறையும். கூரையையொட்டியோ மூலையிலோ கறை இருந்தால், மொட்டைமாடித் தட்டோட்டின் இடுக்கோ, இலை அடைத்துக்கொண்ட வடிகுழாயோ காரணமாயிருக்கும். நடுச்சுவரில் தனித்துக் கறை இருந்தால் குழாய்க் கசிவையோ, அடுத்த குடித்தனத்தின் குளியலறையையோ சந்தேகிக்க வேண்டும். இவை ஒன்றுமின்றி, பீரோவின் பின்புறத்திலும் பெட்டிகளுக்கு அடியிலும் மட்டும் பூத்திருந்தால், சமையல் ஆவியும் அறைக்குள் உலர்த்தும் துணியுமே குற்றவாளிகள். சாமான்களைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளிவைத்து, மழை விட்ட நேரத்தில் கதவைத் திறந்துவைப்பதே அதற்கு மருந்து.

வெள்ளம் புகுந்த வீட்டுக்கு அவசரம் அதிகம். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் செல்லூர்ப் பக்கத்து வீடுகளுக்குள் நீர் புகுந்ததைப் பலரும் அறிவர். நனைந்த பொருளை ஒன்றிரண்டு நாட்களுக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது. அதற்குமேல் ஊறிப்போன பஞ்சு மெத்தையையும் தலையணையையும் இரக்கம் பாராமல் எறிந்துவிட வேண்டியதே.

தண்ணீரை நிறுத்திய பின்பே துடைக்க வேண்டும். உலர்ந்த பூஞ்சணத்தை விளக்குமாற்றால் தட்டினால் வித்துக்கள் வீடு முழுவதும் பரவும். குழந்தைகளையும் இருமல்காரரையும் வெளியே அனுப்பி, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, கதவு ஜன்னல்களைத் திறந்து, சோப்புத் தண்ணீரால் நனைத்துத் தேய்த்து உலரவிட வேண்டும். அநேக இடங்களில் இதுவே போதும். பிளீச்சிங் பவுடர் உபயோகிப்பவர், கக்கூஸ் கழுவும் ஆசிட்டை அதனுடன் ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் கிளம்பும் நச்சுவாயு பூஞ்சணத்தைவிடப் பொல்லாதது.

சுவர் நன்றாய் உலர்ந்தபின் சுண்ணாம்பு அடிப்பது மிகவும் விசேஷம். புதுச் சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் வேர்கொள்ளாது. ஆனால் சுண்ணாம்பு நாளடைவில் காற்றோடு கூடிக் காரத்தை இழந்துவிடுகிறது. ஆகவேதான் வருஷந்தோறும் அடிக்க வேண்டியிருக்கிறது. மழை ஓய்ந்து பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கும் முன்னோர் வழக்கம் காரணத்தோடு கூடியது. கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு வருமாகையால், நீற்றும்போது குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

கிராமத்து அங்கத்தினருக்கு ஒரு வார்த்தை. ஓதச் சுவரில் சாய்த்து வைத்த சோளம், மக்காச்சோளம், நிலக்கடலை மூட்டைகளில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சணம், அஃப்ளடாக்சின் என்னும் விஷத்தை உண்டாக்கும். 1974-இல் ராஜஸ்தானம், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்றதால் ஈரல் கெட்டு 106 பேர் மாண்டார்கள். சமைத்தாலும் அவ்விஷம் முற்றும் அழியாது. மூட்டையைப் பலகைமேல், சுவரைவிட்டு விலக்கி வைக்க வேண்டும்.

இனி வாடகைக்கு இருப்பவரின் சங்கடத்தைக் கவனிப்போமாக. கசிவைச் சொன்னால் வீட்டைக் காலி செய் என்பார்களோ என்று அஞ்சி, வருஷந்தோறும் தம் கைப்பணத்தில் சாயம் அடித்துக்கொண்டே இருப்பவர் பலர். 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டுச் சொந்தக்காரர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் பற்றிய 2017-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நகர்ப்புறங்களில் அமலில் இருக்கிறது. அதன் அட்டவணைப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாய் எழுதியிராவிட்டால், கட்டிடத்தின் அமைப்பைப் பற்றிய பழுது, சுவருக்கு வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல் ஆகியவை சொந்தக்காரர் பொறுப்பு. சாக்கடை சுத்தம், குழாய் வாஷர் முதலிய சில்லறை வேலைகள் குடியிருப்பவர் பொறுப்பு. சொந்தக்காரர் தம் பொறுப்பிலுள்ள வேலையைச் செய்ய மறுத்தால், குடியிருப்பவர் தாமே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த மாதத்திலும் வாடகையில் பாதிக்குமேல் கழிக்கக்கூடாது. மாத வாடகை 4,000 ரூபாய், பழுதுச் செலவு 6,000 ரூபாய் என்று கொண்டால், மாதம் 2,000 வீதம் மூன்று மாதத்தில் கணக்குத் தீரும். குடியிருக்கவே லாயக்கில்லாத வீடானால், எழுத்துமூலம் கேட்டும் செய்யாதபோது, 15 நாள் நோட்டீஸ் கொடுத்து விலகவோ வாடகை நீதிமன்றத்தை நாடவோ உரிமை உண்டு.

இவ்வளவும் எழுத்துமூலமான, பதிவு செய்த ஒப்பந்தம் உள்ளவருக்கே எளிது. வாய்ச்சொல்லை நம்பிக் குடியேறியவருக்குச் சட்டத்தின் துணை மெலிந்ததே. இது சட்டத்திலுள்ள குறை என்று சொன்னாலும் தவறில்லை. ஏனெனில் ஓதம் அதிகமாய் ஏறும் வீடுகளிலேதான் வாய்ச்சொல் குடித்தனங்களும் அதிகம். எல்லா வீட்டுக்காரரையும் கல்நெஞ்சர் என்று எண்ணுவதும் நியாயமன்று. ஒரு வீட்டு வாடகையையே நம்பிக் காலம் தள்ளும் விதவைகளும் அவர்களில் உண்டு. அத்தகையோரிடம் கூலியைக் குடியிருப்பவரும் சாமான்களைச் சொந்தக்காரரும் ஏற்பதாகப் பேசி முடித்துக்கொள்வது உத்தமம்.

சங்கம் செய்யக்கூடியது இதுதான். எழுதத் தெரியாத அங்கத்தினருக்காகக் காரியதரிசி கடிதம் எழுதித் தரலாம்: கறை எந்த அறையில், எந்தத் தேதி முதல், எவ்வளவு அகலம், தண்ணீர் எங்கிருந்து வருவதாய்த் தெரிகிறது என்ற விவரங்களோடு இரண்டு பிரதிகள் எழுதி, ஒன்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்; கைபேசியில் படம் பிடித்து வைப்பதும் நல்லது. சுண்ணாம்பை மார்கழியில் மொத்தமாய் வாங்கி அசல் விலைக்குப் பங்கிடலாம். உபவிதி இடம் தருமாயின் வீட்டுப் பழுதுக்கும் குறுகிய காலக் கடன் அனுமதிக்கலாம். மாடியில் ஏறி வடிகுழாய்களை அடைத்திருக்கும் இலைகளை அள்ளும் வேலைக்குக் காசும் வேண்டாம், கடிதமும் வேண்டாம். புரட்டாசி முடிவதற்குள் அதைச் செய்துவிட வேண்டும்.