சாக்கடையைச் சுத்தம் செய்யும் நாணல்

(விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் பேசியது)



சாக்கடையைப் பற்றிப் பேசவா இத்தனை தூரம் வந்தாய் என்று நீங்கள் கேட்கலாம். அதற்குத்தான் வந்தேன். மேட்டுத் தெருச் சாக்கடை எங்கே போகிறது? பள்ளத்திற்கு. பள்ளத்தில் குடியிருப்பது யார்? நாம். கொசு நமக்கு, பேதி நம் பிள்ளைகளுக்கு. தொட்டி நிறைந்தால் உள்ளே இறங்கச் சொல்வதும் நம்மில் ஒருவனைத்தான்.

“சுத்தம் செய்ய யந்திரம் வேண்டும், மின்சாரம் வேண்டும், சின்ன கிராமத்துக்குக் கட்டுப்படியாகாது” என்கிறார்கள். இது முழு உண்மையல்ல.

1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி, கோரை போன்ற செடிகளைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்ய முடியுமா என்று ஆராயத் தொடங்கினார். 1974ல் அந்நாட்டின் ஓத்ஃப்ரேசன் என்ற ஊரில் நாணல் படுகை இயங்கத் தொடங்கியது. 1989ல் பிராக் நகருக்கு அருகே பெத்ரோவ் கிராமத்தில் ஒன்று அமைத்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் செக் நாட்டில் சுமார் நூறு படுகைகள் வந்துவிட்டன. பெரும்பாலானவை சிறு கிராமங்களுக்கானவை.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. கழிவுநீர் முதலில் ஒரு தொட்டியில் தங்கும். கசடு அடியில் படியும். தெளிந்த நீர், அடியில் கசியாதபடி விரிப்புப் போட்டுச் சரளைக்கல் நிரப்பிய இரண்டு, இரண்டரை அடி ஆழப் படுகைக்குள் செல்லும். மேலே நாணல் வளரும். கல்லிலும் வேரிலும் ஒட்டி வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். நீர் கல்லுக்குள்ளேயே ஓடுவதால் கொசு முட்டையிட இடமில்லை. நிலம் சரிவாக இருந்தால் மின்சாரமே வேண்டாம். பனி உறையும் நாட்டிலேயே நடக்கும் வேலை இது. வெயில் காயும் நம் ஊரில் கிருமிகள் இன்னும் சுறுசுறுப்பாக வேலை செய்யும்.

ஆனால் ஏமாறக் கூடாது. வெளியே வரும் நீர் குடிக்க உதவாது, மரங்களுக்குப் பாய்ச்சலாம். சாயப்பட்டறைக் கழிவின் உப்பை நாணல் நீக்காது. அதற்கு முதலாளிதான் செலவு செய்ய வேண்டும். தொட்டிக் கசடை அவ்வப்போது எடுக்காவிட்டால் சரளை அடைத்துக்கொள்ளும். அதை யந்திரம்தான் எடுக்க வேண்டும். பாதுகாப்பின்றி மனிதனைத் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

இடம் எங்கே என்பார்கள். செக் நாட்டில் ஆளுக்கு 5 சதுர மீட்டர் கணக்கு. 300 பேர் வாழும் தெருவுக்கு 1,500 சதுர மீட்டர், அதாவது 37 சென்ட். நம் ஊர்ப் புறம்போக்கு எத்தனை சென்ட், அது யார் வேலிக்குள் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும்.

தோழர்களே! அடுத்த கிராம சபையில் இந்த 37 சென்டைக் கேளுங்கள். குழி தோண்டவும் நாணல் நடவும் நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கூலி இல்லாமல் தோண்ட மாட்டோம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்!