கேட்காமலே வரும் வேகம்

(முன்னாள் மாணவர் சங்க விழாவில் ஆற்றிய உரை)



நாம் எழுதுகிற புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர், கூடவே அதை வேகமாக ஓடும்படி செதுக்கவும் செய்கிறது. செதுக்குவதற்குப் புது உத்தி ஒன்று கிடைத்தால், வேண்டியவர் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று முதலில் தனியாக வைப்பது வழக்கம். அதையே எல்லோருக்கும் தானாக இயங்கவிடலாமா என்பதுதான் தலைவலி பிடித்த கேள்வி. அது கேட்காதவன் வீட்டுக்கும் போய்ச் சேருமே!

ஜி.சி.சி. கம்பைலரின் கதையைச் சொல்கிறேன். (நான் அப்போ பள்ளிக்கூடப் பையன். பின்னாடி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.) 1999 ஜூலையில் வந்த 2.95 பதிப்பில் ‘ஸ்ட்ரிக்ட் ஏலியாசிங்’ தானாகவே இயங்கியது. வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு பாயின்டர்கள் ஒரே நினைவக இடத்தைச் சுட்டாது என்று கம்பைலர் நம்பிக்கொள்ளும். நம்பினால் நினைவகத்தை மறுபடி மறுபடி எட்டிப் பார்க்க வேண்டாம். ரெஜிஸ்டரில் இருப்பதை வைத்தே ஓட்டிவிடலாம். 1989-ஆம் ஆண்டு சி மொழித் தரவிதியும் இதற்கு இடம் கொடுக்கிறது. ஆக, கம்பைலர்மேல் குற்றமில்லை. ஆனால் புழக்கத்தில் இருந்த பழைய புரோகிராம்கள் அப்படியா எழுதப்பட்டிருந்தன? 32 பிட் எண்ணாக எழுதியதை 16 பிட் துண்டுகளாகப் படிக்கிற பழக்கம் ரொம்பப் பேருக்கு உண்டு. அத்தகைய புரோகிராம்கள் சத்தமில்லாமல் தப்பான விடை தரக்கூடும். சிக்கல்கள் வரவே, அதே ஆண்டு அக்டோபரில் வந்த 2.95.2-இல் அதை மூடிவைத்தார்கள். 2001-இல் 3.0 வந்தபோதுதான் மறுபடி திறந்தார்கள். லினக்ஸ் கெர்னல் இன்றைக்கும் ‘எனக்கு அது வேண்டாம்’ என்று சொல்லித்தான் கம்பைல் ஆகிறது.

அப்போ எப்படித்தான் சோதிக்கிறது? ஜி.சி.சி. தன்னைத்தானே மூன்று சுற்று கம்பைல் செய்துகொள்ளும். இரண்டாம் சுற்றும் மூன்றாம் சுற்றும் அச்சு அசலாக ஒத்திருக்க வேண்டும். நல்ல சோதனைதான், ஆனால் அது கம்பைலர்காரர்களே எழுதிய புரோகிராம்! யூட்டா பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய சிஸ்மித், கண்டபடி புரோகிராம்களை உண்டாக்கிப் பல கம்பைலர்களின் விடைகளை ஒப்பிடுகிறது. 325-க்கு மேற்பட்ட பிழைகளைப் பிடித்ததாக 2011-இல் அறிவித்தார்கள். அதுவும் விதிக்கு உட்பட்ட புரோகிராம்களைத்தான் உண்டாக்கும். 1999-இல் கவிழ்ந்தவையோ விதியை மீறியவை. ஆகவே ஊரார் எழுதியதில் ஓட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்பது என் கட்சி. ஃபெடோராவில் அதைத்தான் செய்கிறார்கள்: புதிய ஜி.சி.சி. முறைப்படி வெளிவருமுன்பே, ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அதில் கம்பைல் செய்து பார்க்கிறார்கள். உடைந்தது ஒவ்வொன்றிலும் குற்றம் கம்பைலரிலா, புரோகிராமிலா என்று பிரித்தாக வேண்டும். அலுப்பான வேலை, ஆள் பஞ்சம் எப்போதும் உண்டு.

மாணவர்கள் இதை வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். உங்க புராஜெக்டை ஓ0, ஓ2 இரண்டிலும் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்க. விடை மாறினால் முதலில் உங்க புரோகிராமைச் சந்தேகப்படுங்க. அதில் ஒன்றும் அகப்படாவிட்டால் எனக்கு அனுப்புங்க.