பதிவேட்டில் ஒரு பெயர்



எந்தப் பள்ளிக்கூடத்திற்குச் சென்றாலும் அங்கே இரண்டு பதிவேடுகளைக் காணலாம். ஒன்று சேர்க்கைப் பதிவேடு. மற்றொன்று வருகைப் பதிவேடு. முன்னதில் ஒரு பிள்ளையின் பெயர் ஒரே முறை எழுதப்படுகிறது. பின்னதில் முற்பகல், பிற்பகல் என்று நாள்தோறும் இருமுறை அப்பெயருக்கு நேரே குறி இடப்படுகிறது. இவ்விரண்டு ஏடுகளையும் பற்றிச் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதைக் குறித்துச் சிறிது பேச விரும்புகிறேன். நான் வழக்கறிஞன் அல்லன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஏடுகளோடு பழகியவன். அவ்வளவுதான் என் தகுதி.

கட்டாயக் கல்வி என்கிறோம். யாரைக் கட்டாயப்படுத்துவது? 1911-ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே அவர்கள் சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். 6 வயது முதல் 10 வயது வரையுள்ள ஆண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்க, விரும்பும் உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தர வேண்டும் என்பதே அதன் சாரம். அனுப்பத் தவறும் பெற்றோருக்கு அபராதம் உண்டு. அந்த எளிய மசோதாவும் 1912-இல் 13 வாக்குகளுக்கு எதிராக 38 வாக்குகளால் தோற்கடிக்கப்பட்டது. நம் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் 1920-இல் வந்தது. குடியரசின் அரசியலமைப்போ, பத்தாண்டுகளுக்குள் 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று 45-ஆம் பிரிவில் கூறியது. அந்தப் பத்தாண்டு 1960-இல் முடிந்தது. கல்வி அடிப்படை உரிமையாக அரசியலமைப்பில் ஏறியது 2002-இல். அதற்கான சட்டம் நிறைவேறியது 2009-இல். அது நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் முதல் நாளில். காலக்கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் தாமதமாக வந்த இச்சட்டம் ஒரு பெரிய காரியத்தைச் செய்திருக்கிறது. கட்டாயம் என்ற சொல்லை அது அரசாங்கத்தின் பக்கம் திருப்பிவிட்டது. 6 வயது முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையும் பள்ளியில் சேர்வதையும், தவறாது வருவதையும், எட்டாம் வகுப்பு வரையுள்ள கல்வியை முடிப்பதையும் உறுதி செய்வது அரசாங்கத்தின் கடமை என்றே அச்சட்டம் கட்டாயத்திற்குப் பொருள் கூறுகிறது. தன் எல்லைக்குள் வாழும் 14 வயது வரையுள்ள பிள்ளைகளின் விவரத்தை எழுதி வைக்க வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்றும் ஒரு பிரிவு உண்டு. ஆயினும் அதில் தவறும் ஏழைத் தகப்பனுக்கு அது அபராதம் விதிக்கவில்லை. இதுவே சரி என்பது என் எண்ணம். கூலி வேலைக்குச் செல்பவனிடம் அபராதம் வாங்கினால், அந்தப் பணத்தை ஈட்டப் பிள்ளையும் வேலைக்குப் போக நேரிடும்.

சேர்க்கைக்கு வருவோம். என் தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதியை அளித்தவர் தலைமையாசிரியரே. வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடச் செவியைத் தொடச் சொல்லுவார். விரல் எட்டிவிட்டால் ஐந்து வயது நிறைந்தது என்று கொண்டு, ஜூன் மாதச் சேர்க்கைக்குப் பொருந்துமாறு ஒரு தேதியை எழுதிவிடுவார். ஓய்வு பெறும் நாள் வரை அந்தத் தேதி அவனை விடாது. இன்று அவ்வாறு இல்லை. பிறப்புச் சான்றிதழோ விதிகள் ஏற்கும் பிற ஆவணமோ கொண்டு வயது கணிக்கப்படுகிறது. எனினும் வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லுகிறது. சேர்க்கைக் காலம் கடந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்புவதையும் 15-ஆம் பிரிவு தடுக்கிறது. 2023 அக்டோபர் முதல் நாளிலிருந்து பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேரும்போது பிறந்த தேதிக்குச் சான்றாக விளங்குவது பிறப்புச் சான்றிதழே என்று பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. ஆகையால் இளம் பெற்றோர் குழந்தை பிறந்தவுடனே அதைப் பதிந்து வைத்துக்கொள்வது நல்லது. இன்னொரு செய்தி: சேர்க்கைப் படிவத்தில் சாதி, சமயம் என்னும் இடங்களை நிரப்ப விரும்பாத பெற்றோர் அவற்றை வெறுமையாக விடலாம் என்று 1973-லேயே நம் மாநில அரசு ஆணை பிறப்பித்திருக்கிறது. இதை அறியாத அலுவலர்களும் உண்டு.

வருகைப் பதிவேடுதான் எனக்கு நெருக்கமானது. மாதத்தின் கடைசி வேலை நாளில் ஆசிரியர்கள் எல்லாரும் சராசரி வருகையைக் கணக்கிட்டுக்கொண்டிருப்பார்கள். அந்தச் சராசரி குறைந்தால் மேலதிகாரி கேள்வி கேட்பார். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 90 வரை மூவர் என்று பிள்ளைத் தொகையை ஒட்டியே தொடக்கப் பள்ளிக்கு ஆசிரியர் கிடைக்கிறார்கள். எனவே இந்த ஏட்டில் இருவகைப் பொய் நுழையும். வராத பிள்ளையை வந்ததாகக் குறிப்பது ஒன்று. நெடுநாள் வராத பிள்ளையின் பெயர்மீது சிவப்பு மையால் கோடிட்டு, அப்படி ஒரு பிள்ளையே இல்லை என்று ஆக்கிவிடுவது மற்றொன்று. முன்னதை எல்லாரும் குற்றம் என்கிறோம். பின்னதை நிர்வாகம் என்கிறோம்.

2004-ஆம் ஆண்டு. திருவண்ணாமலை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தலைமையாசிரியனாக இருந்தேன். பொங்கல் கழிந்ததும் அவ்வூரில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். நான்காம் வகுப்பில் ஒரு பெண் அவ்வாறு போனாள். மார்ச் மாதம் வகுப்பாசிரியர், சராசரி குறைகிறது, பெயரை அடித்துவிடலாமா என்று கேட்டார். "வரவில்லை என்றே நாள்தோறும் குறியுங்கள். பொய்யும் எழுத வேண்டாம், பெயரையும் அடிக்க வேண்டாம்" என்றேன். சூளைக்கு அருகிலிருந்த பள்ளிக்கு அவள் தகப்பன் பிள்ளையை அழைத்துப் போயிருக்கிறார். மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்க இயலாது என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அதை வாங்க ஊருக்கு வந்தால் கூலி போகும். முன்பணம் வாங்கியவனைச் சூளைக்காரர் எளிதில் விடவும் மாட்டார். ஐந்து மாதம் அந்தப் பெண் பச்சைக் கல்லைப் புரட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று வாசற்படியில் நின்றுகொண்டு, "சார், எம் பேரு இருக்குதா?" என்று கேட்டாள். ஏட்டைத் திறந்து காட்டினேன். விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

2010-க்குப் பிறகு அந்தத் தகப்பன் அலைந்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் 5-ஆம் பிரிவு, வேறோர் அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாறிச் செல்லும் உரிமையைப் பிள்ளைக்கு அளிக்கிறது. பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். தாமதித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடவும் கூடாது. கட்டணப் பாக்கியை வசூலிக்கும் கருவியன்று மாற்றுச் சான்றிதழ் என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் கூறியிருக்கிறது. தொடக்கக் கல்வியை முடிக்கும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்பது 16-ஆம் பிரிவு. சிவப்புக் கோட்டிற்கு எந்தப் பெயர் சூட்டினாலும் அதுவும் ஒருவகை வெளியேற்றமே என்று நான் கருதுகிறேன். வருகை குறையும் பிள்ளையின் பெற்றோரைச் சந்தித்துப் பேசுவது ஆசிரியரின் கடமை என்று 24-ஆம் பிரிவு சொல்லுகிறது.

இப்பொழுது வருகை கைப்பேசிச் செயலியில் பதியப்படுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எமிஸ் எண் ஒன்று உண்டு. அதிலும் பழைய பள்ளி அந்தப் பெயரைக் கணினியில் விடுவித்தால்தான் புதிய பள்ளி தன் கணக்கில் ஏற்ற முடியும். காகிதத்தில் ஒழிந்த தாமதம் கணினியில் புகுந்துவிடாதபடி தலைமையாசிரியர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயர் கணினியில் ஏறும்வரை பிள்ளையை வாசலில் நிறுத்தி வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

சட்டத்தைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்ததில் 1956-இல் காமராசர் தொடங்கிய மதிய உணவுக்கும், 1982-இன் சத்துணவுக்கும், 2022-இல் தொடங்கிய காலை உணவுக்கும் நிகராக எந்தச் சட்டப் பிரிவையும் நான் கண்டதில்லை.

சேர்க்கை மறுக்கப்பட்டாலோ, பெயர் நீக்கப்பட்டாலோ பெற்றோர் செய்ய வேண்டியது இது. வாய்ச்சண்டை வேண்டாம். 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிடலாம். அவ்வமைப்பு இரு தரப்பையும் விசாரித்து மூன்று மாதத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு மனநிறைவு தராவிட்டால், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திற்கு மேல்முறையீடு செய்யலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு அந்த மனுவை எழுதித் தர ஊருக்கு ஊர் என்னைப் போல் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவராவது இருப்பார். தயங்காமல் கேளுங்கள்.